2050-இல் பாலாறு: மாடலுக்குள் தண்ணீர் மட்டும் போதுமா, ஊரும் வேண்டுமா?

காட்பாடி நீரியல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாலாற்றுப் படுகை 2050 வாக்கில் எந்த நிலையில் இருக்கும் என்று சில சினாரியோக்கள் தயாரிக்கிறேன். ஆய்வு மாணவன். கணினிப் பக்கம் வேலை ஓடுகிறது. ஓர் இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன், அதற்கு உள்ளூர்க்காரர்கள் யோசனை வேண்டும்.

சினாரியோ என்பது ஜோசியம் இல்லை. மழை இப்படி மாறி, ஊர் இப்படி வளர்ந்து, மக்கள் இப்படி முடிவெடுத்தால் ஆறு என்ன ஆகும் என்று நாலைந்து வழிகளில் போட்டுப் பார்ப்பது. மழை, மண், சரிவு, நிலத்தில் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் ஸ்வாட் என்ற மென்பொருளில் கொடுத்தால் ஓடைகளில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குச் சொல்லும். ஆற்று மணலுக்கு அடியில் இருக்கும் நீருக்கு மாட்ஃப்ளோ. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு வீப். மூன்றிலும் மனிதர்கள் வருகிறார்கள், ஆனால் தலைக்கு இத்தனை லிட்டர், ஏக்கருக்கு இத்தனை அங்குலம் என்று குடிக்கிற வாயாக மட்டும்தான்.

உலக நாடுகள் சேர்ந்து 2012-இல் தொடங்கிய பல்லுயிர் அறிவியல் மேடை ஒன்று இருக்கிறது, ஐபிபிஇஎஸ் என்பார்கள். 2017-இல் ஆக்லாந்தில் அவர்கள் நடத்திய கூட்டத்திலிருந்து ஒரு சட்டகம் வளர்ந்தது. ஒரு முக்கோணம். ஒரு மூலையில் இயற்கை தனக்காகவே இருக்கிறது. இரண்டாவதில் நமக்குத் தரும் பயனுக்காக. மூன்றாவதில் மனிதரும் அதுவும் பிரிக்க முடியாத வாழ்முறையாக. பழைய சினாரியோக்கள் எவ்வளவு கெட்டுப்போகும் என்று அளந்தன. இது நல்ல எதிர்காலம் எத்தனை விதமாக இருக்கலாம் என்று கேட்கிறது.

முதல் இரண்டு மூலைகளையும் எண்ணாக்க முடிகிறது. மூன்றாவதைப் பாலாற்றில் எப்படி மாடலுக்குள் கொண்டுவருவது?

---

பேரணாம்பட்டான் எழுதியது:

முதலில் ஆற்றில் தண்ணீர் வரட்டும் தம்பி, அப்புறம் மாடல் போடலாம்.

---

மாதனூர் தென்னை எழுதியது:

பேரணாம்பட்டார் கிண்டல் செய்கிறார், ஆனால் தம்பி கேட்டது சரியான கேள்வி. நான் படித்தவன் இல்லை, தென்னை வைத்திருப்பவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா காலத்தில் பாலாற்றில் வெள்ளம் ஓடியது வருடத்தில் சில நாள்தான். அப்போதும் இது வற்றாத ஆறு கிடையாது. ஆனால் மணலுக்கு அடியில் தண்ணீர் நின்றது. ஆற்றுப் படுகையிலேயே ஊற்றுக்கால் வெட்டி, சரிவிலேயே வயலுக்குக் கொண்டுபோனார்கள். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. மழைக்கு முன்னால் கால்வாயைத் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும். போகாவிட்டால் கேள்வி வரும். ஆற்றைப் பற்றி யாரும் பாட்டுப் பாடவில்லை. வேலை இருந்தது, அதனால் ஆறு எப்படி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்புறம் கரண்ட் மோட்டார் வந்தது. அவனவன் கிணறு அவனவனுக்கு. ஊற்றுக்காலுக்கு ஆள் வரவில்லை. அடுத்தது மணல். லாரி லாரியாகப் போனது, சில இடத்தில் களிமண் தெரிகிற வரைக்கும் அள்ளினார்கள். மணல் போனால் வெள்ளம் வந்தாலும் உள்ளே இறங்க இடம் இல்லை. கிணற்றில் ஆழ்துளை போட்டோம், பிறகு வெறும் ஆழ்துளை மட்டும்.

கடைசியாக வேலூருக்குக் குழாயில் மேட்டூர்க் காவிரி வந்தது. குடிக்க நல்ல தண்ணீர், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றோடு பாலாறு நகரத்துக்குத் தேவைப்படாத ஆறாகிவிட்டது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் போனது ஞாபகம் இருக்கிறதா? 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். பாலாற்றுக்காரன் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கிறான் என்று இங்கே சிலர் பெருமைப்பட்டார்கள். அதுவும் மேட்டூரிலிருந்து வந்த காவிரிதான். நம் ஆற்றில் எந்தத் தண்ணீர் யாருடையது என்றுகூடத் தெரியாத அளவுக்கு வந்துவிட்டோம்.

இதை உன் மாடலில் போட முடியுமா?

---

காட்பாடி நீரியல் எழுதியது:

ஐயா, முடியும். நீங்கள் சொன்ன வரிசையே ஒரு மாடல்தான்.

இதற்கு ஒரு துறையே இருக்கிறது, சமூக நீரியல். 2012-இல் அந்தப் பெயரோடு அதை முன்வைத்த மூவரில் ஒருவர் இலங்கையில் பிறந்த தமிழர், முருகேசு சிவபாலன். மனிதரை வெளியே நிற்கும் தேவையாக வைக்காமல், தண்ணீரும் மனிதரும் ஒன்றையொன்று மாற்றிக்கொள்வதாக எழுத வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

உங்கள் கதையில் சுழல் இப்படி வருகிறது. கிணற்று மோட்டார் வந்ததும் ஊற்றுக்காலில் உழைக்கிறவர்கள் குறைகிறார்கள். உழைப்பு குறைந்ததும் கால்வாய் மூடுகிறது. கால்வாய் மூடியதும் மோட்டாரை நம்புவது இன்னும் கூடுகிறது. வெளியூர்த் தண்ணீர் வந்த பிறகு, மணல் போனால் என்ன என்று கேட்கிறவர்கள் குறைகிறார்கள். அதனால் இன்னும் மணல் போகிறது. இதில் ஊர் இந்த ஆற்றை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பது ஒரு மாறி. வருடத்துக்கு வருடம் மாறும், ஆற்றின் நிலையையும் மாற்றும். வழக்கமான மாடலில் அது இல்லாததால்தான் காவிரிக் குழாய் வந்தால் பாலாற்றின் மேல் சுமை குறையும், ஆறு பிழைக்கும் என்று விடை வருகிறது. நடந்ததைப் பார்த்தால் அந்த விடை பாதி உண்மைதான்.

---

பேரணாம்பட்டான் எழுதியது:

சரி, கொஞ்சம் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே ஆந்திரா தடுப்பணையை உயர்த்திக்கொண்டே போனால் உன் மாறி எல்லாம் என்ன செய்யும்? கர்நாடகாவில் பேத்தமங்கலம் ஏரியைத் தாண்டித்தான் தண்ணீர் வரவேண்டும். ஆற்றுநீர் பற்றி மைசூரும் சென்னையும் போட்ட 1892 ஒப்பந்தத்தை மதிக்கிறார்களா என்று முதலில்

---

மட்டுறுத்துநர் எழுதியது:

மாநிலச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. பேரணாம்பட்டான் பதிவின் மீதிப் பகுதியையும் அதற்கு வந்த பதில்களையும் அங்கே மாற்றிவிட்டேன். இங்கே சினாரியோ மட்டும்.

---

காட்பாடி நீரியல் எழுதியது:

நன்றி. ஆனால் அண்ணன் சொன்னதில் எனக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆறு நந்தி மலைப் பக்கம் பிறந்து மொத்தம் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33, மீதி 222 நம்மிடம். மேலே என்ன செய்வார்கள் என்பது நம் கையில் இல்லை. அதனால் அதை நாம் எடுக்கும் முடிவாக வைக்காமல், மேலிருந்து நிறைய வருகிறது, கொஞ்சம் வருகிறது, திடீரென்று வருகிறது என்று மூன்று எல்லை நிலைகளாக வைத்திருக்கிறேன். நம் பக்கத்து முடிவு ஒவ்வொன்றையும் மூன்றிலும் ஓட்டிப் பார்ப்பேன். மூன்றிலும் தாங்குகிற முடிவுதான் நல்ல முடிவு.

---

வாணியம்பாடி பழசு எழுதியது:

'திடீரென்று வருகிறது' என்பதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1903 நவம்பரில் மேலே மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் எங்கள் ஊரை அடித்துக்கொண்டு போனது. இன்றும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஓர் ஏரி உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழே இருக்கும் ஏரியை உடைக்கும், அது அடுத்ததை. மாதச் சராசரி மழையை வைத்து ஓட்டும் மாடலில் இந்த வெள்ளம் வராது. 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தின்போது இளையவர்கள் தரைப்பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். பெரியவர்கள் மேட்டுக்குப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வித்தியாசமும் நீ தேடும் மூன்றாவது மூலையில்தான் வரும் என்று நினைக்கிறேன்.

---

குடியாத்தம் தறி எழுதியது:

தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். பண்பாடு இருந்தால் ஆறு நன்றாக இருக்கும் என்று எழுதப் போகிறாயா? அப்படி என்றால் எங்கள் ஊருக்கு வா.

வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கௌண்டன்ய ஆற்றங்கரையில் கோயில். அன்று ஊரில் கால் வைக்க இடம் இருக்காது, பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருவார்கள். பக்தியில் ஒரு குறையும் இல்லை. அதே ஆற்றில் குப்பை, சாக்கடை, முள்ளுச்செடி. மோர்தானா அணை நிரம்பி வழிந்தால்தான் தண்ணீரைப் பார்ப்போம். வேலூரிலும் அப்படித்தான், மாசியில் மயானக் கொள்ளைக்கு அவ்வளவு கூட்டமும் பாலாற்றுக்குத்தான் போகிறது. ஆறு காய்ந்து கிடந்தாலும் திருவிழா நிற்காது.

திருவிழாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி அதை உறவு என்று மாடலில் போட்டால் உனக்குக் கிடைப்பது தப்பான விடை.

---

காட்பாடி நீரியல் எழுதியது:

அக்கா, நான் போட இருந்தது கிட்டத்தட்ட அதுதான். திருவிழா, கோயில், ஏரிக்கரைக் கன்னிமார் சாமி எல்லாம் வரைபடத்தில் புள்ளி வைத்து, அடர்த்தி அதிகமான இடத்தில் உறவு அதிகம் என்று. மாற்று வழி ஏதாவது சொல்லுங்களேன்.

---

குடியாத்தம் தறி எழுதியது:

கும்பிடுவதை எண்ணாதே. யார் என்ன செய்கிறார்கள், செய்யாவிட்டால் யார் கேட்கிறார்கள் என்று பார். ஏரிக்கு வரும் கால்வாயில் ஒருவன் மண் கொட்டினால் ஊரில் எத்தனை நாளில் சத்தம் வருகிறது? எங்கள் பக்கம் சில ஏரியில் அன்றே வரும். சில ஏரியில் பிளாட் போட்டு விற்று முடியும் வரை வராது.

---

கடைமடை எழுதியது:

இழையை முதலிலிருந்து படித்தேன். எல்லோரும் 'ஊர்' என்கிறீர்கள். எந்த ஊர்? மேலத்தெருவா, காலனியா?

ஏரி நன்றாக இருந்த காலத்தைப் பற்றிப் பேசுபவர்கள் நீர்க்கட்டியைப் பற்றியும் பேச வேண்டும். மதகைத் திறந்து மூடி, யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று கணக்குத் தப்பாமல் தண்ணீர் கட்டியவர்கள் எங்கள் தாத்தாக்கள். அறுவடைக்குக் களத்தில் அளந்து போட்ட நெல்தான் கூலி. ஏரியின் கடைசி அடி தண்ணீர் வரை அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த ஊர்ப் பொதுக்கிணற்றில் குடம் போட முடியாது. குடிமராமத்து என்று பெருமையாகச் சொல்கிறோம். 1858-இல் வெள்ளைக்காரன் அதற்குப் போட்ட சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். வீட்டுக்கு ஓர் ஆள் என்று மாதனூர் ஐயா சொன்னார். எந்த வீட்டு ஆள் மண் சுமந்தான், எந்த வீட்டு ஆள் கரையில் நின்று மேற்பார்த்தான் என்றும் கேட்டு எழுதுங்கள்.

அதனால் இயற்கையும் பண்பாடும் ஒன்று என்ற மூலையில் 2050-ஐ வரைந்தால், எங்களுக்கு அது பழைய ஏரியை மட்டும் திரும்பக் கொண்டுவருமா, பழைய வரிசையையும் சேர்த்தா என்ற பயம் உண்டு. குழாய்த் தண்ணீர் ஆற்றோடு இருந்த உறவை அறுத்தது என்கிறீர்கள். எங்கள் தெருவுக்கு அந்தக் குழாய் யாரிடமும் கை கட்டாமல் தண்ணீர் கொடுத்தது.

---

மாதனூர் தென்னை எழுதியது:

கடைமடை தம்பி சொல்வது நிஜம். எங்கள் வீட்டு ஆள் கரையில்தான் நின்றார். மறுக்க ஒன்றும் இல்லை.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. குழாய் நின்றால் என்ன செய்வோம்? மேட்டூரிலும் ஒரு வருடம் தண்ணீர் இல்லை என்றால்?

---

கடைமடை எழுதியது:

அது நியாயமான சினாரியோ. அதையும் போடட்டும். அந்த வருடம் ஊர்க் கிணற்றில் யார் குடம் முதலில் இறங்கும் என்பதையும் சேர்த்துப் போடட்டும்.

---

காட்பாடி நீரியல் எழுதியது:

இரண்டு பேர் சொன்னதையும் குறித்துக்கொண்டேன். உறவு என்று ஒரே எண்ணாக வைத்திருந்ததை மூன்றாகப் பிரிக்கிறேன்: உழைப்பது யார், முடிவெடுப்பது யார், தண்ணீர் கிடைப்பது யாருக்கு. தெருவாரியாக. மூன்றும் ஒரே திசையில் போகாத ஏரிகள்தான் அதிகம் இருக்கும் என்று இப்போதே தோன்றுகிறது.

---

ஓட்டேரி கொக்கு எழுதியது:

பறவை பார்ப்பவன் சார்பில் முதல் மூலைக்கும் ஒரு ஓட்டு. நன்னீர் பூமியின் மேற்பரப்பில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. தெரிந்த விலங்கினங்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு அதில் வாழ்கிறது. 2024-இல் வந்த வாழும் கோள் அறிக்கைப்படி, கண்காணிக்கப்படும் நன்னீர் உயிரினத் தொகைகள் 1970-இலிருந்து சராசரியாக 85 சதவீதம் சரிந்திருக்கின்றன. கடலையும் காட்டையும்விட மோசம்.

நம் ஏரிகளில் நிலைமை குழப்பமானது. ஏரி உள்வாயில் நட்ட கருவேல மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. தூர்வார வரும் பொக்லைன் முதலில் அந்த மரத்தைத்தான் சாய்க்கும். விவசாயிக்குக் கொள்ளளவு கூடும், பறவைக்கு வீடு போகும். முக்கோணத்தின் இரண்டு மூலைகள் ஒரே ஏரிக்குள் முட்டிக்கொள்கிற இடம் இது. சீமைக்கருவேலத்தை எடுங்கள், நானே வந்து வெட்டுகிறேன். நாட்டுக் கருவேலத்தைக் கூடு இருக்கும் மாதத்தில் தொடாதீர்கள்.

மீனும் அப்படித்தான். விரால், குரவை, கெளுத்தி இருந்த இடத்தில் இன்று ஜிலேபிக் கெண்டை. தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. குத்தகைக்காரர் ஏலத் தொகையை எடுக்க வேண்டும் என்பதால் சீக்கிரம் வளர்வதை விடுகிறார். அவரைத் திட்டிப் பயன் இல்லை, ஏல விதிமுறைதான் மாற வேண்டும்.

---

ஆம்பூர் லெதர் எழுதியது:

தோல் தொழிலில் வேதியியல் வேலை பார்க்கிறேன். அடிக்க வரும் முன் கேளுங்கள்.

தோலைக் கெடாமல் வைக்க உப்புப் போடுகிறோம். ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்குகிறது. பதனிடப் போடும் குரோமியத்தை வீழ்படிவாக்கிப் பிரிக்க வழி உண்டு, உப்பை அப்படிப் பிரிக்க முடியாது. அதனால்தான் சவ்வூடு வடிகட்டி, ஆவியாக்கி எல்லாம் வைத்துக் கழிவுநீர் வெளியே போகாத முறை வந்தது. தண்ணீர் திரும்பக் கிடைக்கும். ஆனால் உப்பு மலை மாதிரி ஷெட்டில் நிற்கும். அதை யாரும் வாங்குவதில்லை. பழைய காலத்தில் நிலத்துக்குள் இறங்கியது இன்னும் கிணறுகளில் இருக்கிறது.

வேலூர் மக்கள் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவர் பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு. 2025 ஜனவரியில் பாலாறு பற்றி மறுபடி தீர்ப்பு வந்து, கண்காணிக்கக் குழு போடச் சொன்னது. நடுவில் 28 வருடம். ஒரு தலைமுறை கிணறு அப்படியே போய்விட்டது.

நீரியல் தம்பிக்கு என் யோசனை இதுதான். உப்புக்கு முன்னோக்கி ஓட்டும் சினாரியோ போடாதே. 2050-இல் இந்தக் கிணற்றில் வயலுக்குப் பாய்ச்சும் அளவுக்கு உப்பு குறைந்திருக்க வேண்டும் என்று முடிவை முதலில் எழுது. அங்கிருந்து பின்னால் வந்து, அதற்கு இன்றே எவ்வளவு உப்பு உள்ளே வருவது நிற்க வேண்டும், ஆற்றில் எத்தனை வெள்ளம் ஓடிக் கழுவ வேண்டும் என்று கணக்குப் போடு. தொழிலை மூடு என்பதைப் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதிவிடாதே. ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களின் சம்பளத்தில்தான் பாதி வீடுகளில் அடுப்பு எரிகிறது. அதுவும் அந்த ஆற்றோடு இருக்கும் உறவுதான், கசந்த உறவு.

---

கடைமடை எழுதியது:

தொழிலை மூடச் சொல்லவில்லை. தொட்டிக்குள் இறங்கிக் கழிவு அள்ளுபவன் யார் என்று மட்டும் கேட்கிறேன். 2015-இல் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து இரவில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் போனார்கள்.

---

ஆம்பூர் லெதர் எழுதியது:

தெரியும் தோழரே. மறக்கவில்லை.

---

காட்பாடி நீரியல் எழுதியது:

பின்னோக்கிக் கணக்குப் போடும் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். உப்புக்கு அதுதான் பொருந்தும்.

படுகை முழுவதையும் இந்த ஆழத்தில் செய்ய எனக்கு வயது போதாது. ஓர் ஏரித்தொடரை எடுத்து முழுதாகச் செய்யலாம் என்று நினைக்கிறேன். பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் பெறும் காவேரிப்பாக்கம் ஏரி, மகேந்திரவாடி ஏரி. மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த பெருமாள் கோயில் கல்வெட்டிலேயே அந்த ஏரி பற்றி இருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுக் கணக்கில் ஓர் ஏரி பிழைத்திருக்கிறது என்றால் எத்தனை ஆட்சி, எத்தனை பஞ்சம், எத்தனை உடைப்பு தாண்டியிருக்கும்! எதிர்காலத்துக்கு 25 வருடம் போடுவது அதன் முன்னால் சின்ன வேலைதான்.

சிக்கல் தரவில். மழைக்கு நீண்ட பதிவு இருக்கிறது. ஏரி எந்த வருடம் நிரம்பியது என்பதற்கு இல்லை. செயற்கைக்கோள் படத்தில் பரப்பு தெரியும். ஆகாயத்தாமரை மூடினால் அதுவும் தெரியாது.

---

மாதனூர் தென்னை எழுதியது:

ஏரி நிரம்பிக் கோடி போன (கலங்கல் வழிந்த) வருடம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோடியில் ஆடு வெட்டிப் பூஜை போடுவார்கள், பேப்பரில் போட்டோ வரும். அந்த வருடம் பிறந்த பிள்ளை, நடந்த கல்யாணம் என்று கேட்டால் கிழவிகள் வரிசையாகச் சொல்வார்கள்.

---

ஓட்டேரி கொக்கு எழுதியது:

மீன் ஏலக் கணக்கையும் கேளுங்கள். தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று பார்த்துத்தான் ஏலம் கேட்பார்கள். தண்ணீர் நிற்காத வருடம் ஏலம் கேட்க ஆள் இருக்காது, அந்தக் காலி வரியையும் விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். நூறு ஏக்கருக்குக் கீழே பாசனம் உள்ள சின்ன ஏரி என்றால் ஒன்றியம், ஊராட்சிப் பக்கம் தேட வேண்டும். பெரியது என்றால் நீர்வளத்துறை.

---

கடைமடை எழுதியது:

கிழவிகளைக் கேட்கும்போது இரண்டு தெருவிலும் கேளுங்கள். ஒரே வருடத்தை மேலத்தெருவில் நல்ல வருடம் என்பார்கள், எங்கள் தெருவில் குடிசைக்குள் தண்ணீர் வந்த வருடம் என்பார்கள். எங்கள் பக்கம் கூட்டிப்போக நான் வருகிறேன்.

---

காட்பாடி நீரியல் எழுதியது:

கட்டாயம் வருகிறேன் அண்ணா. தனிமடல் போடுகிறேன்.

---

ஆம்பூர் லெதர் எழுதியது:

கிணற்று உப்பு அளக்கும் மீட்டர் என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு தடவை, தை மாதத்தில் ஒரு தடவை, அதே கிணறுகளில் எடுக்க வேண்டும். ஒரே தடவை அளந்துவிட்டு 2050 வரை கோடு இழுத்துவிடாதீர்கள்.